ஓட்டக் கடிகாரங்களை ஓடிப் பார்த்து மதிப்பிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜி.பி.எஸ். வசதியும் இதயத் துடிப்பு அளவியும் கொண்ட ஓட்டக் கடிகாரங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எந்தக் கடிகாரத்தின் திரை பெரியது, எதன் பேட்டரி கூடுதல் நாள் தாங்கும், எதில் எத்தனை விளையாட்டுகளுக்கு இடம் உண்டு என்பதையெல்லாம் கட்டுரையாளர் அக்கறையோடு தொகுத்திருந்தார். ஆனால், கையில் கட்டிக்கொண்டு ஓடும்போது அது காட்டும் எண்ணை நம்பலாமா, நம்பலாம் என்றால் அந்த எண்ணைக் கொண்டு ஓடுகிறவர் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டு கேள்விகளும் அந்தக் கட்டுரையில் எழவே இல்லை. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், நாற்பது வயதைக் கடந்து ஓடத் தொடங்குகிறவர்களுக்குத் தாம்பரம் பகுதியில் காலை வேளையில் பயிற்சி அளித்து வருகிறேன். அவர்களில் பலர் இத்தகைய கட்டுரைகளைப் படித்துவிட்டே கடிகாரம் வாங்குகிறார்கள் என்பதால், விடுபட்டவற்றை எழுத வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

தமிழக அரசு 2023-ஆம் ஆண்டில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கி, 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நீளத்தில் நடைப்பயிற்சிக்கான பாதைகளை அமைத்தது. ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் சென்னை மாரத்தானுக்காகப் பயிற்சி பெறுவோரையும் இப்போது எல்லாப் பூங்காக்களிலும் காண முடிகிறது. இவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பருவத்துக்குப் பின் ஓடியே அறியாதவர்கள். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இவர்களுக்குக் கடிகாரம் அலங்காரப் பொருள் அல்ல. அது காட்டும் எண்ணைப் பார்த்தே வேகத்தைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள், சில நேரம் ஓட்டத்தையே நிறுத்திவிடுகிறார்கள்.

முதலில் இதயத் துடிப்பு. கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் பச்சை ஒளி மின்னுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். இரத்தம் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டுத் தோலுக்கு அடியிலுள்ள நுண்குழாய்களில் இரத்தத்தின் அளவு சற்றே கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்பக் குறைந்து கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் கடிகாரம் துடிப்பைக் கணக்கிடுகிறது. அமர்ந்திருக்கும்போதும் உறங்கும்போதும் இந்த முறை பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. ஓடும்போது கை ஆடுகிறது, கடிகாரம் குலுங்குகிறது, தோலுக்கும் கண்ணாடிக்கும் இடையே வியர்வை தேங்குகிறது. அப்போது திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தில் இரத்த ஓட்டத்தின் பங்கு எவ்வளவு, கையசைவின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது.

மார்புப் பட்டையின் வழி வேறு. ஃபின்லாந்தின் கெம்பெலே நகரில் 1977-இல் தொடங்கப்பட்ட போலார் நிறுவனம், 1982-இல் கம்பியில்லா இதயத் துடிப்பு மானியை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின் சைகைகளை நேரடியாக உணர்ந்து கடிகாரத்துக்கு அனுப்பும். கார்மின் நிறுவனம் ஃபோர்ரன்னர் வரிசைக் கடிகாரங்களை 2003-இல் தொடங்கியது. மணிக்கட்டிலேயே ஒளியால் துடிப்பை அளக்கும் வசதி அந்த வரிசையில் 2015-இல்தான் வந்தது. பட்டையைக் கட்டும் தொல்லை இல்லாததால் ஒளிமுறையே பரவிவிட்டது. வசதி கூடியது உண்மை, ஆனால் ஓட்டத்தின்போது கிடைக்கும் துல்லியத்தில் மார்புப் பட்டை இன்றும் முன்னிற்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைக்கூடத் தங்கள் கட்டுரை சொல்லவில்லை.

இதனால் நேரும் சிக்கலுக்கு ஓர் உதாரணம் தருகிறேன். எங்கள் குழுவில் ஐம்பத்தைந்து வயதை நெருங்கும் அம்மையார் ஒருவர் இருக்கிறார். மெல்லோட்டம் தொடங்கி ஐந்தாறு நிமிடத்துக்குள் அவருடைய கடிகாரம் 171 என்று காட்டிச் சிவப்பு எச்சரிக்கை கொடுக்கும். தம் இதயத்தில் ஏதோ கோளாறு என்று அஞ்சி, ஓட்டத்தையே விட்டுவிடும் எண்ணத்தில் இருந்தார். ஆனால் அவர் பக்கத்தில் ஓடுகிறவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டுதான் ஓடிக்கொண்டிருந்தார். உண்மையிலேயே 171 துடிப்பில் இருக்கும் அந்த வயதுக்காரரால் அப்படிப் பேச இயலாது. அவரை நிறுத்தி, கழுத்தின் பக்கவாட்டில் விரல் வைத்து எண்ணச் சொன்னேன். கால் நிமிடத்தில் 31, அதாவது நிமிடத்துக்கு 124. நின்றவுடன் துடிப்பு இறங்கத் தொடங்கும் என்பது சரிதான். ஆனாலும் கால் நிமிடத்துக்குள் ஏறக்குறைய ஐம்பது துடிப்பு இறங்காது. மறுபடியும் ஓடவிட்டு அவருடைய காலடிகளை எண்ணினேன். அரை நிமிடத்தில் எண்பத்தைந்து, எண்பத்தாறு என்று வந்தது. நிமிடத்துக்கு 170-ஐ ஒட்டிய அந்தக் காலடி எண்ணிக்கையைத்தான் கடிகாரம் இதயத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தது.

ஓட்டத்துக்கு உரிய காலடி எண்ணிக்கை பெரும்பாலோருக்கு நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை இருப்பதால், இந்தத் தவறு பலருக்கும் நேர்கிறது. எண் நம்பத்தக்க ஒன்றாகவே தோன்றுவதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. அம்மையார் கடிகாரத்தை வளையல் போல மணிக்கட்டு எலும்பின் மீது தளர்வாகக் கட்டியிருந்தார். எலும்பிலிருந்து இரண்டு விரற்கடை மேலே ஏற்றி, தோல் நகராத அளவுக்கு ஒரு துளை இறுக்கிக் கட்டியபின் எண் 130-க்குள் அடங்கியது. ஓடி முடித்ததும் மறுபடி ஒரு துளை தளர்த்திக்கொள்ளலாம். கடிகாரம் விற்கும் கடையில் இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. மேட்டில் ஏறும்போதோ அரை நிமிடம் விரைந்தோடி அரை நிமிடம் நடக்கும் பயிற்சியின்போதோ உண்மையான துடிப்பு உயர்ந்த பிறகும் கடிகாரம் பல விநாடிகள் பின்தங்கியே காட்டும். அதைப் பார்த்து ‘இன்னும் உயரவில்லையே’ என்று மேலும் விரட்டி ஓடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் இன்னொரு கேள்வி, கறுத்த தோலில் இந்த ஒளி சரியாக வேலை செய்யுமா என்பது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பல நிறத் தோலுடையவர்களிடம் கடிகாரங்களைச் சோதித்தபோது துடிப்பு அளவீட்டில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்றும், ஓய்வில் இருப்பதைவிட உடல் அசைவின்போது பிழை சராசரியாக 30 விழுக்காடு கூடியது என்றும் கண்டறிந்தனர். ஆகவே நிறத்தைப் பற்றிய கவலையைவிடக் கடிகாரத்தைக் கட்டும் விதத்தைப் பற்றிய கவலையே நமக்கு முதலில் வேண்டும்.

எண் சரியாகக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குக் கடிகாரம் கொடுக்கும் பொருள் சரியா என்பது அடுத்த கேள்வி. என் கவலையில் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான். கடிகாரத்தை வாங்கி வயதைப் பதிந்தவுடன், 220-இலிருந்து வயதைக் கழித்து, அதுவே உங்கள் இதயத்தின் உச்சத் துடிப்பு என்று பெரும்பாலான கடிகாரங்கள் முடிவுகட்டிவிடுகின்றன. பிறகு அந்த உச்சத்தின் விழுக்காட்டைக் கொண்டு ஐந்து மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தீட்டிவிடுகின்றன. 1971-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வுக் கட்டுரையோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தக் கணக்கு, பலருடைய அளவுகளைத் தோராயமாகத் திரட்டிப் பார்த்ததில் பிறந்தது. 2001-இல் வேறு ஆய்வாளர்கள் ஏராளமான தரவுகளைத் தொகுத்து, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிப்பதே பொருத்தம் என்றார்கள். அதன்படி எழுபது வயதுக்காரரின் உச்சம் 159. பழைய கணக்கிலோ அது 150. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது இயல்பு. சிலருக்கு இருபதுகூட வேறுபடும்.

ஐம்பத்தைந்து வயதுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய கணக்கின்படி அவருடைய உச்சம் 165. மெல்லோட்டம் என்பது உச்சத்தில் 60 முதல் 70 விழுக்காடு என்று கடிகாரம் வகுத்தால், அவர் 99-க்கும் 115-க்கும் இடையே ஓட வேண்டும். நம் ஊரில் அந்த வயதில் புதிதாக ஓடத் தொடங்கியவருக்கு இது ஓட்டமே அல்ல, விரைவான நடையிலேயே இந்த அளவு வந்துவிடும். ஃபின்லாந்து ஆய்வாளர் கார்வோனன் 1957-இல் வகுத்த முறையோ ஓய்வுத் துடிப்பையும் கணக்கில் எடுக்கிறது. காலையில் எழுந்தவுடன் அவருடைய துடிப்பு 60 என்றால், 165-க்கும் 60-க்கும் இடையே உள்ள 105-இல் 60 முதல் 70 விழுக்காட்டைக் கண்டு அதனோடு 60-ஐக் கூட்ட வேண்டும். விடை 123 முதல் 134 வரை வரும். ஒரே மனிதர், ஒரே கடிகாரம், அமைப்புப் பட்டியலில் ஒரே ஒரு தெரிவு மாறியதும் அவருக்குச் சொல்லப்படும் வேகமே மாறிவிடுகிறது. கார்மின் உள்ளிட்ட நிறுவனங்களின் கடிகாரங்களில் இந்தத் தெரிவு இருக்கிறது. உச்சத் துடிப்பையும் நாமே திருத்தி எழுத முடியும். ஆயினும் அதைத் திறந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே. இருபதாயிரம் ரூபாயை ஒட்டிய விலை கொடுத்து வாங்கிய கருவியின் தலையாய வசதி, தொழிற்சாலையில் அமைத்த நிலையிலேயே கிடந்துவிடுகிறது.

இரத்த அழுத்தத்துக்காக மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்கிறவர்களின் நிலை இதைவிடக் கவனத்துக்குரியது. இந்த மாத்திரைகள் இதயத் துடிப்பை உயரவிடாமல் தடுப்பவை. எவ்வளவு முயன்று ஓடினாலும் அவர்களுடைய கடிகாரம் 110, 115 என்றே நிற்கலாம். வயதுக் கணக்கை மட்டுமே அறிந்த கடிகாரம் அதைப் பார்த்து, உழைப்பு போதவில்லை என்று சொல்லும். மூச்சு வாங்குகிறது, கால்கள் தளர்கின்றன, திரையோ இன்னும் வேகமாக ஓடு என்கிறது. இத்தகையவர்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்ப்பதே அவர்களுக்கு உகந்த அளவுகோல். மாத்திரை உட்கொள்வோர் கவனிக்க வேண்டியவை என்று ஒரு பத்தியாவது இடம்பெறாத கடிகார மதிப்புரையை நாற்பது வயதைக் கடந்த வாசகர் எப்படிப் பயன்படுத்துவார்?

இவ்வளவு குறை சொன்ன பிறகும், என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் இதயத் துடிப்பு அளவியுள்ள கடிகாரத்தை வாங்குவதையே நான் விரும்புகிறேன். காரணம் நம் வெயிலும் புழுக்கமும். மே மாதத்தில் சென்னையில் அதிகாலை ஐந்து மணிக்கும் வெப்பம் 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராமல் வழியும், உடல் குளிராது. சூட்டை வெளியேற்ற இரத்தத்தின் ஒரு பகுதி தோலை நோக்கித் திரும்புகிறது. வியர்த்து நீர் குறையக் குறைய இரத்தத்தின் அளவும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தம் குறைவதால், அதை ஈடுகட்டத் துடிப்பின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. வேகம் மாறாமல் ஓடுகிறவருக்கும் முதல் பத்து நிமிடத்தில் இருந்த துடிப்பு நாற்பதாவது நிமிடத்தில் கணிசமாக உயர்ந்திருக்கும். ஜனவரியில் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்ற வேகத்தில் சுகமாக ஓடியவர், அதே வேகத்தை மே மாதத்திலும் பிடிக்க முயன்றால் உடல் படும் பாடு வேறு.

ஜி.பி.எஸ். வசதி மட்டும் உள்ள கடிகாரம் இதைக் காட்டாது. தூரத்தையும் வேகத்தையும் சொல்லி, ‘போன வாரத்தைவிட மெதுவாக ஓடுகிறீர்கள்’ என்றே குறைகூறும். துடிப்பைப் பார்த்து ஓடுகிறவரோ தமக்குரிய எல்லையைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்வார், தேவையானால் நடப்பார். எங்கள் குழுவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை வேகத்தைத் திரையிலிருந்தே எடுத்துவிடச் சொல்கிறேன். துடிப்பும் ஓடிய நேரமும் மட்டும் இருந்தால் போதும். வேகமாக ஓடவைக்கும் கருவி என்று விளம்பரங்கள் முழங்கினாலும், நம் தட்பவெப்பத்தில் இந்தக் கடிகாரத்தின் ஆகச் சிறந்த பயன் ஓடுகிறவரை உரிய நேரத்தில் மெதுவாக்குவதுதான் என்பது என் உறுதியான கருத்து. உயர்விலை மாதிரிகள் சிலவற்றில் வெப்பத்துக்கு உடல் பழகியிருப்பதைக் கணக்கிடும் வசதியும் உண்டு. கையில் துடிப்பு எண் இருக்கும்போது அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஜி.பி.எஸ். பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அது இன்று பெரும்பாலும் நம்பத்தக்க நிலைக்கு வந்துவிட்டது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நான்கினுடைய சைகைகளாவது கிடைத்தால்தான் கடிகாரம் தன் இடத்தைக் கணிக்க முடியும். பொதுமக்களுக்கான சைகையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத்தில் நீக்கிய பிறகே இத்தகைய கருவிகள் ஓட்டக்காரர்களுக்குப் பயன்படும் தரத்தை எட்டின. மெரினாவை ஒட்டிய காமராஜர் சாலையைப் போல வானம் திறந்திருக்கும் இடத்தில் எளிய கடிகாரமும் தூரத்தைச் சரியாகச் சொல்லும். அண்ணா சாலையின் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் மேம்பாலங்களுக்கு அடியிலும் சைகைகள் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால், நாம் ஓடாத தெருவில் ஓடியதாக வரைபடம் காட்டும், அந்த நேரத்து வேகமும் தாறுமாறாகக் குதிக்கும். இரண்டு அலைவரிசைகளில் சைகையைப் பெறும் மாதிரிகள் இந்தப் பிழையை நன்கு குறைக்கின்றன. பூங்காவிலும் கடற்கரையிலும் ஓடுகிறவருக்கு அவை தேவையில்லை. கணத்துக்குக் கணம் மாறும் வேகத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு கிலோமீட்டரின் சராசரி வேகத்தைத் திரையில் வைத்துக்கொண்டாலே போதும். கடிகாரம் செயற்கைக்கோள்களைப் பிடித்துவிட்டதாகக் காட்டும் வரை அரை நிமிடம் நின்றுவிட்டு ஓடத் தொடங்குவதும் நல்லது. ஜி.பி.எஸ். போலவே இடங்காட்டும் நம் நாட்டின் நாவிக் அமைப்பில் 2023 மே மாதம் ஏவப்பட்ட என்விஎஸ்-01 செயற்கைக்கோள், சிறிய கருவிகளில் பரவலாகப் பயன்படும் எல்1 அலைவரிசையிலும் சைகை அனுப்புகிறது. கைக்கடிகாரங்களில் நாவிக் இடம்பெற இது வழிசெய்யும் என்பதால் மகிழ்ச்சிக்குரிய செய்தி.

உடலின் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன், மீட்சிக்கான நேரம், பந்தய நேரக் கணிப்பு என்று கட்டுரை வியந்து எழுதிய மற்ற எண்கள் தனித்து அளக்கப்படுபவை அல்ல. வேகத்தையும் துடிப்பையும் ஒப்பிட்டுப் பெறப்படும் கணிப்புகளே அவை. அடிப்படைத் துடிப்பு தவறானால் அல்லது உச்சத் துடிப்பு தவறாகப் பதிவாகியிருந்தால் இவை அனைத்தும் சேர்ந்தே தவறும். கோடையில் இந்தத் திறன் எண் இறங்குவதைக் கண்டு தம் உடல்நலமே குன்றிவிட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. வெயில் தணிந்ததும் அது தானாகவே ஏறும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்பதைத்தான் இந்தக் கடிகாரங்கள் சொல்கின்றன. இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பதை அவற்றால் அறிய முடியாது. இ.சி.ஜி. எடுக்கும் வசதியுள்ள கடிகாரங்களாலும் மாரடைப்பைக் கண்டுபிடிக்க இயலாது என்று அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களே அறிவித்திருக்கின்றன. ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, காரணமில்லாத மயக்கமோ தோன்றினால், கடிகாரத்தில் எண் இயல்பாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாமல் 108-ஐ அழைக்க வேண்டும். மாரடைப்புக்கு உடனடியாகத் தர வேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வழங்கும் ‘இதயம் காப்போம்’ திட்டம் தமிழகத்தில் 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெருமருத்துவமனை தொலைவில் இருக்கும் ஊர்களில் இதை அறிந்திருப்பது உயிர் காக்கும்.

ஆகவே தங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை ஓட்டக் கடிகாரங்களை மதிப்பிட்டு எழுதும்போது, நிறுவனம் தந்த வசதிப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல், எழுதுகிறவர் அதைக் கட்டிக்கொண்டு ஓடிப் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் மார்புப் பட்டையும் அணிந்து, அமர்ந்திருக்கும்போதும் மெல்லோட்டத்திலும் விரைவோட்டத்திலும் இரண்டும் காட்டிய எண்களை அருகருகே அச்சிட வேண்டும். அந்தச் சோதனை ஜனவரிக் குளிரிலும் மே மாதப் புழுக்கத்திலும் நடந்தால் இன்னும் நல்லது. உச்சத் துடிப்பை மாற்றும் வழி எளிதாக இருக்கிறதா, மண்டலங்களை எந்தக் கணக்கில் வகுக்கிறது, மெலிந்த மணிக்கட்டுள்ள பெண்களுக்குப் பட்டை நகராமல் பொருந்துகிறதா, தனியே வாங்கும் மார்புப் பட்டையோடு இணைகிறதா, வியர்த்த விரலால் தொடுதிரை இயங்குகிறதா அல்லது பொத்தான்கள் உள்ளனவா என்பவற்றையும் எழுத வேண்டும். எங்கள் குழுவில் நாற்பதைக் கடந்தவர்கள் முதல் எழுபதைத் தொட்டவர்கள் வரை இருக்கிறார்கள், மார்புப் பட்டை வைத்திருப்பவர்களும் உண்டு. தங்கள் நிருபர் சோதித்துப் பார்க்க விரும்பினால், காலை ஐந்தரை மணிக்கு அவரோடு சேர்ந்து ஓட நாங்கள் அணியமாக இருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தாம்பரம்.